தீடைப் பட்டணத்தில் விழித்திருந்த பிள்ளை

யசிந்தா அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் கதை சொல்வாள். அவளுக்கு ஒன்றும் பைத்தியமில்லை. வங்காலையில் மத்தியானம் அமைதியான நேரம் என்று நினைப்பவர்கள் போனில் குரலைப் பதிந்து பார்க்க வேண்டும். காகம், கோழி, மோட்டார் சைக்கிள், அடுத்த வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் என்று ஊரே வந்து நடுவில் நிற்கும். தொங்குகிற சேலைகளுக்கு இடையில் முகத்தை வைத்துச் சொன்னால் மட்டும் குரல் மெத்தென்று விழும். முதல்தரம் அந்தக் கோலத்தைக் கண்ட கணவன் எட்வேட், அலுமாரிக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறதாக்கும் என்று கிட்ட வந்து எட்டிப் பார்த்தான். இப்போது பழகிவிட்டது. கடலுக்குப் போய் வந்தால் சோற்றைத் தானே போட்டுத் தின்றுவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போய் மரநிழலில் படுத்துக்கொள்வான்.

முன்பள்ளியில் சின்னஞ்சிறிசுகளுக்குச் சொல்லிப் பழகிய வாய் அது. பாரிசில் இருக்கிற உறவுக்காரி ஒருத்தி, தன் மகன் தமிழ்க் குரல் கேட்டு நித்திரை கொள்ளட்டும் என்று ஒரு கதை கேட்டாள். யசிந்தா பதிந்து அனுப்பினாள். அது அந்தக் கட்டடத்தின் அடுத்த மாடிக்கு ஏறியது, தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களிடம் போனது, பிறகு கனடாவுக்கும் போனது. மன்னார் கடைத்தெருவில் போன், இணைய வேலை செய்து கொடுக்கிற கொமினிகேசன் கடை வைத்திருக்கும் துஷ்யந்தி, இப்படிச் சும்மா அனுப்பிக்கொண்டிருந்தால் ரீச்சருக்குத் தொண்டை போவதுதான் மிச்சம் என்று சொல்லி, இணையத்தில் ஒரு பக்கம் திறந்து அதை மாதச் சந்தா ஆக்கிவிட்டாள். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு துண்டுக் கதை. சந்தாக்காரர் எல்லோருமே வங்காலைக் கோயில் பங்கிலிருந்து பெயர்ந்துபோன கத்தோலிக்க வேதக்காரக் குடும்பங்கள்.

கதை நடக்கிற இடத்துக்குத் தீடைப் பட்டணம் என்று பெயர். தலைமன்னாருக்கு அப்பால் கடலுக்குள் மணல் தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றனவே, அவற்றில் யாரும் எண்ணாமல் விட்ட ஒன்றில் அந்தப் பட்டணம் இருக்கிறது. கடல் வற்றினால் தெருக்கள் தெரியும், பெருகினால் கூரைகள் மட்டும் தெரியும். அங்கே கழுதைதான் தபால்காரர். கடல்நுரையில் பாண் சுடுகிற பேக்கரிக்காரர் ஒருவர் உண்டு. இருட்டுக்குப் பயந்த ஒரு வெளிச்சவீடும் உண்டு. அது தன் பயத்துக்குத்தான் விளக்கேற்றி வைத்திருக்கிறது, கப்பல்காரர் அதைத் தங்களுக்கென்று நினைத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போகிறார்கள். அங்கே யாரும் அவசரப்படுவதில்லை. மீன்கூட ஆறுதலாக யோசித்துத்தான் வலைக்குள் வரும்.

இந்தப் பட்டணத்துக்குக் கேடு தவக்காலத்தால் வந்தது. தவக்காலம் என்றால், பாஸ்கா என்கிற உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்தின நாற்பது நாளும், ஆளுக்கொரு ஒறுத்தல் இருக்க வேண்டும். பெரியவர்கள் இறைச்சியை விடுவார்கள், சாராயத்தை விடுவார்கள், விட்டதாகவாவது சொல்வார்கள். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இன்னும் கடுமை. உனக்கு ஆகப் பிடித்தது எதுவோ அதை ஆண்டவருக்காக விடு என்பார்கள். பிள்ளைகள் பொய் சொல்லத் தெரியாதவர்கள். நன்றாக யோசித்துப் பார்த்து, தீடைப் பட்டணத்தை விட்டார்கள். போன வருடம், தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் அன்று, நெற்றியில் சாம்பல் காய முதல், சந்தாக்கள் மளமளவென்று வெட்டுப்பட்டன. கதை கொஞ்சம் மட்டமாக இருந்திருந்தால் தப்பியிருக்கும். பாஸ்கா முடிந்த பிறகும் பாதிப்பேர் திரும்பவில்லை. அவர்களுக்குக் கோபம் ஒன்றுமில்லை. வெட்டியது வெட்டியதாகவே போய்விட்டது, திரும்ப வந்து கேட்கக் கூச்சம்.

இந்த வருடம் துஷ்யந்தி முந்திக்கொண்டாள். வெட்டுவதற்கு மட்டும் வழி வைத்தால் சனம் வெட்டத்தான் செய்யும், கொஞ்சக் காலம் நிப்பாட்டி வைக்கவும் ஒரு வழி கொடுப்போம், பாஸ்கா அன்று விட்ட இடத்திலிருந்து தானாகவே தொடங்கட்டும் என்றாள். யசிந்தாவுக்கு அது பிடிக்கவில்லை. நடுவில் நின்ற கதை செத்த கதை என்று வாதாடிவிட்டு வீட்டுக்குப் பஸ் ஏறினாள். பஸ் மன்னார்ப் பாலத்தால் போகும்போது கடல் வற்றிக் கிடந்தது. தோணிகள் சேற்றில் ஒரு பக்கம் சரிந்து படுத்திருந்தன. அவற்றைப் பார்த்து யாரும் உடைந்த தோணி என்று சொல்வதில்லை, தண்ணீர் வந்தால் எழும்பிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். வங்காலையில் இறங்க முதல், பட்டணத்தை என்ன செய்வதென்று அவளுக்கு விளங்கிவிட்டது.

விபூதிப் புதனுக்கு முதல்நாள் கதையில் தீடைப் பட்டணம் முழுவதும் கொட்டாவி விட்டது. கழுதை தபால்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தது. பேக்கரிக்காரர் மாவுக் கையோடு கண்ணயர்ந்தார். வெளிச்சவீடு, பயப்படுகிறவர்கள் எல்லோரும் நித்திரை என்றால் தானும் கொஞ்சம் தூங்கலாம் என்று விளக்கைத் தணித்துக்கொண்டது. பாஸ்கா மணி கேட்கும்வரை ஒருவரும் எழும்ப மாட்டார்கள் என்று சொல்லி யசிந்தா முடித்தாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. மற்றவர்கள் நிப்பாட்டி வைத்தாலும் சரி, வெட்டினாலும் சரி, அது துஷ்யந்தியின் கவலை. அவளுடைய கவலை ஒரேயொரு சந்தாவைப் பற்றியது.

அது அவளுடைய தங்கை நிவேதிகாவின் சந்தா. நிவேதிகா பாரிசில் இருக்கிறாள். ஆறு வருடங்களுக்கு முதல் அவர்களுடைய அப்பா செத்தபோது அவள் வரவில்லை. வர முடியவில்லை என்பதுதான் சரி. அகதி வழக்கு முடியாமல் இழுபட்ட நேரம், கிளம்பி வந்தால் திரும்பிப் போக வழியில்லை, அங்கே புருஷனும் கைக்குழந்தையும். அதெல்லாம் யசிந்தாவுக்குத் தெரியும். தெரிந்தும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் யாரோ போனில் தங்கையின் முகத்தைப் பிடித்துக் காட்டியபோது, ஊர்ச்சனம் பார்த்திருக்க, "இனி எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை" என்று சொல்லிவிட்டாள். அழுகையில் வந்த சொல். நிவேதிகா அதை அழுகை என்று எடுக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது.

நான்கு வருடம் கழித்து ஒருநாள், புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயரை வாசித்துக்கொண்டு வந்த துஷ்யந்தி ஒரு பெயரில் நின்றாள். கேட்கிற பிள்ளையின் பெயர் டினோஜா. தங்கையின் மகள், யசிந்தா கண்ணாலும் காணாத பெறாமகள். பிள்ளைக்குக் கதை வேண்டுமென்றால் கேட்கட்டும் என்று யசிந்தா வேண்டாவெறுப்பாகச் சொன்னாள், சொல்லிவிட்டு அன்று முழுவதும் வேலை ஓடாமல் திரிந்தாள். அதன் பிறகும் அக்காவும் தங்கையும் ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இங்கே அலுமாரிக்குள் சொல்வது அங்கே ஒரு தலையணைக்குப் பக்கத்தில் கேட்கிறது. அந்த ஒரு நூல்தான் மிச்சம். போன தவக்காலத்தில் தப்பிய அது இந்தத் தவக்காலத்தில் அறுந்தால் பிறகு பிடிக்க ஒன்றுமில்லை.

புதன் பின்னேரம் துஷ்யந்தி போன் எடுத்தாள். எல்லோரும் நிப்பாட்டி வைத்துவிட்டார்கள், ஒருவர்கூட வெட்டவில்லை என்று சந்தோசமாகச் சொன்னாள். பிறகு குரலைத் தணித்தாள்.

"ஒராள் மட்டும் ஒண்டும் செய்யேல்லை ரீச்சர். வெட்டவுமில்லை, நிப்பாட்டவுமில்லை. ஆரெண்டு நான் சொல்லத் தேவையில்லை."

கூடப்பிறந்தவர்களின் குணமே குணம். யசிந்தாவுக்கு முதலில் வந்தது கோபம். பங்கு முழுவதும் தவக்காலம் காக்கிறது, இவளுக்கு மட்டும் என்ன வந்தது, பிள்ளைக்கு ஒரு ஒறுத்தல் பழக்கத் தெரியாதா என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். அந்தக் கோபம் அடங்கிய பிறகுதான் யோசித்துப் பார்த்தாள். தங்கை கவனிக்காமல் விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று தெரியவில்லை. ஒருவருக்காகப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை, பழைய கதை எதையாவது அனுப்பலாம் என்று துஷ்யந்தி யோசனை சொன்னாள். யசிந்தா அதைக் காதில் வாங்கவில்லை.

அடுத்தநாள் மத்தியானம் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்குள் முகத்தை வைத்து, தீடைப் பட்டணத்தில் ஒரு பிள்ளை மட்டும் நித்திரை கொள்ளவில்லை என்று தொடங்கினாள்.

அந்தத் தவக்காலம் முழுவதும் அந்தப் பிள்ளை தூங்குகிற பட்டணத்துக்குள் நடந்து திரிந்தது. ஈரமணலில் அதன் காலடி தவிர வேறு சத்தமில்லை. கழுதையின் கழுத்தைத் தடவி, கீழே விழுந்த தபால்களைப் பொறுக்கிப் பைக்குள் வைத்தது. பேக்கரிக்காரரின் மாவுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டது. ஒற்றைக் காலில் தூங்கிய பூநாரைகளுக்கு நடுவால் ஒன்றையும் எழுப்பாமல் நடந்து போனது. பெருக்கு வந்தால் கூரையில் ஏறி இருந்துகொண்டு, மீன்கள் ஜன்னலால் வந்து தூங்குகிறவர்களைப் பார்த்துவிட்டுப் போவதைப் பார்த்தது. யசிந்தா இதற்கு முதல் இப்படி ஒரு கதை சொன்னதில்லை. எல்லோருக்கும் சொல்லும்போது பகிடி வேண்டும், சண்டை வேண்டும். ஒருத்திக்கு மட்டும் சொல்லும்போது நடந்தால் போதும் போலிருந்தது. அவளுக்கே சில நேரம் கண் செருகும். அலுமாரிக்குள்ளிருந்து தலையை எடுத்தால், வெளியே வெயிலில் கிடக்கிற வங்காலையும் தூங்குகிற பட்டணமாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் துஷ்யந்தி திறந்த இணையப் பக்கத்தில் ஒரு வரி வந்து கிடந்தது. சுகமா என்றில்லை, பெயரில்லை.

"டினோஜா கேக்கிறா, எல்லாரும் நித்திரை கொள்ளேக்க அந்தப் பிள்ளை மட்டும் ஏன் முழிச்சிருக்கு?"

ஆறு வருடத்தில் தங்கையிடமிருந்து வந்த முதல் வரி. யசிந்தா அதைப் பாடமாகிற அளவுக்கு வாசித்தாள். எழுதிப் பதில் போடத் துணிவு வரவில்லை. அன்றைய கதையில் அந்தப் பிள்ளை போய் கழுதையின் காதுக்குள் சொன்னது: "வீட்டுக்கு ஒராள் வரவேணும். நானும் நித்திரை கொண்டால், அவ வந்து கதவைத் தட்டிப்போட்டுத் திரும்பிப் போயிடுவா."

அடுத்த நாள் இன்னொரு வரி வந்தது. வருகிறவர் யார் என்று டினோஜா கேட்டாளாம். யசிந்தா அதற்குப் பதில் சொல்லவில்லை. பிள்ளையை வெளிச்சவீட்டின் படிகளில் ஏற்றி இறக்கி நேரத்தைப் போக்கினாள். படியெல்லாம் முடிந்த பிறகும் கேள்வி அப்படியே இருந்தது. பிறகு இடையிடையே ஒவ்வொரு வரி வரும், கதைக்குள் பதில் போகும். டினோஜா கேட்பதாகத்தான் எல்லா வரியும் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வி எது, தாய் கேட்கிற கேள்வி எது என்று யசிந்தாவுக்குத் தெரியாமலில்லை.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய கிழமை தொடங்கியது. அன்று கதையில் அந்தப் பிள்ளை கடலோரம் ஒரு வீட்டுக்குள் போனது. உள்ளே ஒரு வயதான மனிதர் படுத்திருந்தார். வெள்ளைச் சேட்டு போட்டு, தலைமயிரை வாரி இழுத்துவிட்டிருந்தார்கள். வலை இழுத்து இழுத்து முறுகிய கைகள், ஆனால் அன்றைக்கு விரல்கள் லேசாக விரிந்து, செபமாலையை இறுக்காமல் சும்மா பிடித்திருந்தன. முகத்தில் நோவு இல்லை. வெளியூர் போனவர்களைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து படுத்தவர் மாதிரி இருந்தார். பிள்ளை அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, வாறவ பிந்தித்தான் வருவா, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நித்திரை கொள்ளுங்கோ, அவவுக்கு நான் எல்லாம் சொல்லுறன் என்று சொன்னது.

பதிந்து முடித்துத் திரும்பக் கேட்டபோதுதான் யசிந்தாவுக்கு விளங்கியது, தான் சொன்னது அப்பாவை என்று. கட்டிலில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழித்துவிட்டு வேறு சொல்லலாம் என்று விரல் போனது. பிறகு, தங்கைக்கும் அப்பாதானே என்று நினைத்து அப்படியே அனுப்பிவிட்டாள்.

அதன் பிறகு பாரிசிலிருந்து ஒரு வரியும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பெரிய வியாழனும் இல்லை. யசிந்தா கதையைக் குறைக்காமல் அனுப்பினாள், ஆனால் போனை எடுத்து எடுத்துப் பார்த்ததில் குழம்புக்கு உப்புப் போட மறந்தாள். எட்வேட் சொல்லாமல் தின்றான். தேவையில்லாத இடத்தைத் தொட்டுவிட்டேன், அவள் மனம் நொந்துபோனாள், இனி வரமாட்டாள் என்று அவளுக்குள் ஒரு முடிவு வந்து உட்கார்ந்துவிட்டது.

பெரிய வெள்ளி விடிந்தது. அன்று கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். தோணி ஒன்றும் கடலில் இறங்காது. றேடியோ பாடாது. அப்படிப்பட்ட நாளில் அலுமாரிக்குள் தலையை விட்டுக் கதை சொல்வதென்பது யசிந்தாவால் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். எட்வேட்டும் அதைத்தான் மெல்லச் சொன்னான். ஆனால் சொல்லாமல் விட்டால்? அப்பாவைப் பற்றிச் சொன்ன கதைக்குத் தங்கை பேசாமல் இருக்கிறாள். இந்த நேரம் பார்த்து இங்கேயும் சத்தமில்லாமல் போனால் அவள் என்ன நினைப்பாள்? முந்தி ஒருதரம் வெட்டிவிட்டவள்தானே, திரும்பவும் வெட்டிவிட்டாள் என்றுதான் நினைப்பாள். நிப்பாட்டி வைக்கிற வழியைத் துஷ்யந்தி சந்தாக்காரருக்குத்தான் செய்து வைத்திருந்தாள். கதை சொல்கிறவளுக்கு அப்படி ஒன்று இல்லை. இணையப் பக்கத்தில் ஒரு அறிவித்தல் போட்டுவிடுகிறேன் என்று துஷ்யந்தி சொன்னாள். ஒரேயொரு ஆளுக்கு, அதுவும் கூடப்பிறந்தவளுக்கு, அறிவித்தல் ஒட்டுகிற அளவுக்கு யசிந்தா இன்னும் கெட்டுப்போகவில்லை.

கோயிலுக்குப் போகச் சேலை எடுக்க அலுமாரியைத் திறந்தவள், அப்படியே போனை எடுத்து வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். கதைக் குரல் வரவில்லை. தன்னுடைய சொந்தக் குரல்தான் வந்தது.

"நிவேதிகா, அக்கா சொல்லுறன். இண்டைக்குப் பெரிய வெள்ளி, கதை சொல்லக்கூடாது. பாஸ்கா அண்டைக்குச் சொல்லுவன். நான் வெட்டேல்லை. நிப்பாட்டித்தான் வைக்கிறன். பிழையா நினைச்சிடாதை."

ஆறு வருடமாகத் தொடாத தங்கையின் இலக்கத்துக்கு அதை அனுப்பிவிட்டுக் கதிரையில் இருந்தாள். சேலை மடியில் கிடந்தது. எட்வேட் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றான், கூப்பிடவில்லை. அடுப்படியில் ஒரு பல்லி சொன்னது. போன் ஒருதரம் அதிர்ந்தது.

தங்கையின் குரல். கொஞ்சம் தடித்துப் போயிருந்தது, ஆனால் அதே குரல்.

"அக்கா. அப்பான்ர கை எப்பிடி இருந்ததெண்டு எனக்கு இவ்வளவு காலமும் ஒருத்தரும் சொல்லேல்லை. அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனான், எழுத ஏலாமல் போட்டுது. தவக்காலத்துக்கு எல்லாரும் கதையை நிப்பாட்டச் சொன்னவை. நாலு வருசம் உங்கட குரல் இல்லாமல் இருந்தனான் அக்கா. அதுக்கு மேல ஒறுக்க என்னட்டை ஒண்டும் இல்லை. செத்தவீட்டிலை நீங்கள் சொன்னதை வெட்டினதெண்டுதான் நான் எடுத்தனான். அதையும் நிப்பாட்டி வச்சதெண்டு எடுக்கலாமோ?"

யசிந்தா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இதற்குக் குரல் பதிந்து அனுப்பிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. நேரே அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டேயிருந்தது. எடுத்தது ஒரு சின்னக் குரல்.

"கதையோ?"

"இல்லை மகள்," என்றாள் யசிந்தா. "இண்டைக்குக் கதையில்லை. நான் உன்ர பெரியம்மா."

பிள்ளை வீட்டுக்குள் திரும்பி, "அம்மா, பெரியம்மாவாம்" என்று கத்தியது.

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. அங்கே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஓம்," என்றாள் யசிந்தா, தங்கை வாய் திறக்க முதலே. "அப்பிடித்தான் எடு."